திருமதி வதனி

அக்கா செத்து இரண்டாம் நாள், அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

மரண அறிவித்தல் இணையத்தில் வந்தது. மேலே சாமந்தி மாலை, பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு, நடுவில் அக்காவின் சிரிப்பு. கீழே எழுத்துகள்: "மொன்றியலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்வி வதனி பேரின்பநாதன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற பேரின்பநாதன், பாலாம்பிகை தம்பதிகளின் பாசமிகு மகளும், தாட்சாயினியின் அன்புச் சகோதரியும், விமலநாதனின் பாசமிகு மருமகளும் ஆவார்." அவ்வளவுதான். செல்வியாம்! ஆறு வருசம் ஒருவரோடு குடும்பம் நடத்தி, ஐந்து வயதில் ஒரு பிள்ளையையும் வைத்திருந்தவள் செல்வியாம். தூ!

தாட்சாயினி நான்தான். வயது பதினேழு, செஜெப் கல்லூரியில் முதலாம் வருசம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதை இவர்கள் மறந்துபோனார்களோ என்னவோ. சனிக்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்க, என்னைப் போர்வையோடு இழுத்துக்கொண்டுபோய்த் தமிழ் வகுப்பில் தள்ளியவள் அக்கா. "நாளைக்கு உன்னைப் பற்றித் தமிழில ஏசுவாங்கள், விளங்கவேணும் எல்லோ" என்பாள். பார் அக்கா, விளங்குது. உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாங்கள்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்பதும் எனக்குத் தெரியும். அக்காவின் கலியாண எழுத்து நடந்த அன்று எடுத்தது. பதிவு முடிந்து வெளியே வந்து படிக்கட்டில் நின்று இருவரும் சிரித்த படம். பக்கத்தில் நின்ற அத்தானை வெட்டி எறிந்துவிட்டார்கள். அவசரத்தில் வெட்டியதால் அவருடைய நாலு விரல்கள் மட்டும் அக்காவின் தோளில் மிஞ்சிப்போயின. அந்த விரல்களுக்கு மேலே ஒரு சாமந்திப் பூவை ஒட்டியிருந்தார்கள். இந்த மூளையை வேறு ஏதாவது நல்ல விசயத்துக்குப் பாவித்திருக்கலாம்.

அத்தானின் பெயர் கெர்வென்ஸ். தாய் தகப்பன் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே, அக்காவும் நானும் பிறந்த அதே நகரத்தில். துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறார். அவரை ஒரு தெய்வப் பிறவி என்று நான் சொல்லவரவில்லை. படம் பார்க்கும்போது வாய் மூடமாட்டார். அக்கா மணித்தியாலக் கணக்காய் நின்று சமைத்த கோழிக்கறிக்கு மேல் கெச்சப் ஊற்றுவார். என்னுடைய சிப்ஸைத் திருடித் தின்றுவிட்டு, பிள்ளை தின்றது என்று பொய் சொல்லுவார். சாதாரண மனிசன். அக்காவின் புருசன். ஒருவர் புருசனாக இருப்பதற்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

ஆனால் எங்கள் வீட்டில் அவரை அத்தான் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். விமலநாதன் மாமா, "ஆரடி உனக்கு அத்தான்? அந்தக் கறுவலோ?" என்பார். மாமா அம்மாவின் தமையன். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். இத்தனைக்கும் மாமாவின் தோல் அத்தானின் தோலைவிடக் கறுப்பு. புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலைசெய்த காலத்தில் வெள்ளைக்கார மேற்பார்வையாளன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கறி, கறி என்று விசிலடித்துக் கூப்பிட்டதை ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் சொல்லிக் கண் கலங்குவார். நானும் சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது நினைக்க எரிச்சல் வருகிறது. பட்ட மனிசன் அல்லவா நீ?

அக்கா எப்படிச் செத்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் அவர்கள் வீட்டில் நிற்கும்போது, அக்காவுக்கு வயிற்றில் குத்து. நிமிர முடியவில்லை. அத்தான் காரில் ஏற்றினார், நானும் சாருஜாவும் பின்னால் ஏறினோம். சாருஜா அவர்களுடைய மகள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுத் தாதி, ஒன்றிலிருந்து பத்துக்குள் நோவு எவ்வளவு என்று கேட்டாள். அக்கா ஒன்பது என்றாள். அந்தத் தாதி எழுதியதை நிறுத்திவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். "உங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஒன்பதுதான்" என்றாள் பிரெஞ்சில். பிறகு இரண்டு குளிசையைக் கொடுத்து, போய் இருங்கள் என்றாள்.

இருந்தோம். எங்களுக்குப் பிறகு கால் சுளுக்கி வந்த ஒரு பெடியன் உள்ளே போனான். இருமிக்கொண்டு வந்த ஒரு அம்மா உள்ளே போனார். அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அத்தான் இரண்டு தரம் போய்த் தாழ்மையாகக் கேட்டார். மூன்றாம் தரம் அவர் எழும்பும்போது அக்கா கதிரையிலிருந்து சறுக்கி நிலத்தில் விழுந்தாள். அப்போதுதான் அத்தான் கத்தினார். "என் மனைவி! யாராவது வாருங்கள்!" என்றுதான் கத்தினார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. யாரோ வந்தார்கள். டொக்டர் இல்லை. இரண்டு காவலாளிகள். அத்தானின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி வெளியே கொண்டுபோனார்கள். நிலத்தில் கிடந்தவளைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள், அதைச் சொல்லாமல் விடமுடியாது. சாருஜா என் காலைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "இனிப் பிரச்சினை இல்லை" என்று தாதி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வயிற்றுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருந்ததாம். கண்டுபிடித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. என் கையைப் பிடித்தபடி அக்கா கடைசியாகக் கேட்டது, "அவர் எங்கை?" என்பது. வெளியே நிற்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றேன். விடவில்லை. செத்த பிறகுதான் விட்டார்கள்.

இதுவே போதும் ஒரு மனிசிக்கு வாழ்நாள் முழுக்க அருவருப்புப்படுவதற்கு. ஆனால் எங்கள் வீட்டு வரவேற்பறை இதையும் தோற்கடித்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, மாமா சோபாவில் சாய்ந்து சொன்னார். "அவன் போய்க் கத்தினபடியால்தான் பிள்ளையை அவங்கள் திரும்பிப் பாக்கேல்லை. எங்கட ஆக்களில ஒருத்தர் போய் மரியாதையாக் கதைச்சிருந்தா, என்ர பிள்ளை இண்டைக்கு உயிரோட இருந்திருப்பாள்."

எல்லாத் தலைகளும் ஆடின. ஓமோம், அதுதானே, அவங்களைக் கண்டாலே ஆஸ்பத்திரிக்காரருக்குப் பயம்தானே.

"நான் போனனான் மாமா" என்றேன். "நான் எங்கட ஆள் இல்லையோ?"

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு இதுகள் விளங்காது."

"வதனி அக்கா எங்கட ஆள் இல்லையோ? ஒன்பது எண்டு சொன்னது அவள்தானே? அவளைப் பாத்துத்தானே தாதி சிரிச்சவள்?"

"எடி, வாயை மூடு! பெரியாக்கள் இருக்கிற இடத்தில..."

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அழுது அழுது அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. எனக்கு இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கூட வந்தது.

"செல்வி எண்டு ஆர் போடச் சொன்னது அம்மா?"

"மாமாதான் குடுத்தவர். நீ சும்மா இரு பிள்ளை."

"அத்தான்ர பேர் எங்கை? சாருஜான்ர பேர் எங்கை?"

"இப்ப அதைப் போட்டா லண்டன், ஊர், ரொறன்ரோ எண்டு ஒண்டொண்டாக் கேக்குங்கள். எனக்கு ஏலாது. அவளே போயிட்டாள், இனி எப்பிடிப் போட்டால் என்ன? முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும். பேந்து பாப்பம்."

"பேந்து எப்ப? அவள் எழும்பி வந்த பிறகோ?"

அம்மா அடிக்கக் கையோங்கினார். அடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு விம்மினார். எல்லாவற்றையும் உங்கள் முறைப்படி செய்யுங்கள் என்று அத்தான் அம்மாவிடம் விட்டுக்கொடுத்திருந்தார். சட்டப்படி உடல் அவருடையது. அவர் நினைத்திருந்தால் தங்கள் தேவாலயத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். பெத்த தாய், அவருக்கு இந்த ஆறுதலாவது கிடைக்கட்டும் என்றார். அந்த மனிசனுக்கு இவர்கள் கொடுத்த கைம்மாறு இது.

மறுநாள் நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். சாருஜா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். அத்தான் தன் தொலைபேசியைக் காட்டினார். அந்த மரண அறிவித்தலைத் தன்னுடைய சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். தாய்க்கு, சகோதரிகளுக்கு, லொறி ஓட்டும் கூட்டாளிகளுக்கு, எல்லாருக்கும். "என் மனைவியின் குடும்பம் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறது பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். ஐயோ! அதைப் பார்த்தபோது எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

பிறகு எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "இதில் நான் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார். "இதுவா?" என்று ஒரு பெயரைத் தொட்டார். அது விமலநாதன் மாமாவின் பெயர்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. செல்வி என்றால் என்ன என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, அந்தச் சாமந்திப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போய்க் கேளுங்கள் அத்தான்" என்றேன். தமிழில் அத்தான் என்ற சொல் மட்டும் அவருக்குத் தெரியும். "கத்துங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது."

"கத்தினால் என்ன நடக்கும் என்று நீ பார்த்தாய்தானே, தி-சே?" என்றார். தி-சே என்றால் அவர்களுடைய மொழியில் தங்கச்சி. "நான் வருவேன். அவளுக்குப் பக்கத்தில் நிற்பேன். அது போதும்."

எனக்குப் போதாது. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. செத்தவீடு முடிந்தால் அக்கா சாம்பல். பிறகு எதை மாற்றி என்ன?

செத்தவீட்டன்று, அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் எங்கள் சனம் நிறைந்து வழிந்தது. அத்தானையும் அவருடைய தாயையும் கடைசி வரிசையில் இருத்தினார்கள், வேலையிடத்திலிருந்து வந்த விருந்தாளிகள் மாதிரி. சாருஜாவை நான் விடவில்லை. என்னோடு முன்வரிசையில் வைத்திருந்தேன். மண்டபத்தின் நடுவில் லக்ஷன் என்ற பெடியன் கமராவை நிறுத்தி நேரலை அனுப்பிக்கொண்டிருந்தான். ஊரிலும் லண்டனிலும் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அந்தக் கமராவுக்கு முகம் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்றார். அழும்போதும் அந்தப் பக்கம் திரும்பித்தான் அழுதார்.

அக்கா பெட்டிக்குள் கிடந்தாள். நெற்றியில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு. வகிடு வெறுமையாக இருந்தது. புருசன் இருக்கச் செத்தவளுக்குக் குங்குமம் வைத்து, சுமங்கலியாகத்தான் அனுப்புவார்கள். புருசன் கையால்தான் வைக்கவேண்டும். ஆறு வருசமாக ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவள் அக்கா. கூட வேலைசெய்தவர்கள் அது என்ன காயமா என்று கேட்பார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இன்று அதைத் துடைத்துவிட்டு அவளைக் கன்னிப்பெண்ணாக்கி வைத்திருந்தார்கள்.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, பூப்போடுகிறவர்கள் வரலாம் என்றார். சனம் வரிசையாக வந்தது. அத்தானும் எழுந்து வந்தார். வரிசையில்தான் வந்தார். தன்னுடைய முறை வந்ததும் பூவைப் போட்டார். பிறகு நகரவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தம் இல்லை. கண்ணீர்கூடச் சத்தமில்லாமல்தான் விழுந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அத்தான் நேரே கமராவுக்கு முன்னால் அல்லவா நிற்கிறார்! மாமா முன்வரிசைக்குப் பக்கத்து வாசலுக்குப் போனார். அங்கே மலர்ச்சாலை ஊழியர், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு இளம் வெள்ளைக்காரர், நின்றார். மாமா அவரிடம் தன்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

"மெஸ்யூ, அந்த ஆள் எங்கள் குடும்பம் இல்லை. தொந்தரவு செய்கிறான். எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

பயமாக இருக்கிறதாம். கடவுளே! கறி என்று விசிலடித்த அந்த மேற்பார்வையாளனுக்கு இந்தச் சனத்தைப் பார்த்துக் கூச்சம் வந்திருக்கும்.

ஊழியர் வந்து அத்தானின் முழங்கையைத் தொட்டார். "மெஸ்யூ, கொஞ்சம் வெளியே வாருங்கள்." அத்தான் அவரைப் பார்த்தார், வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பெண்சாதியின் பெட்டிக்கு முன்னால் ஒரு மனிசன் கள்ளனைப்போலக் கையைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் எழும்பவில்லை. அம்மாவும் எழும்பவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சின்னம்மா, பப்பா திரும்பவும் கத்தினாரா?"

"இல்லையடா" என்றேன். "பப்பா ஒண்டும் செய்யேல்லை. இப்ப நான்தான் கத்தப்போறன். பயப்பிடாத."

பிள்ளையைக் கதிரையில் ஏற்றிவிட்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் பிரெஞ்சில் அந்த ஊழியரைப் பார்த்துக் கத்தினேன். "அவர் என் அக்காவின் கணவர்! கையை எடுங்கள்!" அந்த மனிசன் சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார். பிறகு தமிழில், லக்ஷனின் கமராவைப் பார்த்துக் கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்கோ! என்ர அக்கா செல்வி இல்லை! இவர் கெர்வென்ஸ், என்ர அத்தான். அந்தக் கதிரையில நிக்கிறது சாருஜா, என்ர அக்கா பெத்த பிள்ளை. அறிவித்தலில இவையளை ஒளிச்சது விமலநாதன் மாமா. ஆஸ்பத்திரியில இவரை வெளியில இழுத்து எறிஞ்சவங்களுக்கு எங்களை ஆரெண்டு தெரியாது. உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுகொண்டு செய்யிறியள்! வெக்கமா இல்லையோ உங்களுக்கு?"

"டேய் லக்ஷன், அதை நிப்பாட்டடா!" என்று மாமா வாசலிலிருந்து ஓடிவந்தார். லக்ஷன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான், கமராவை மறந்தேபோனான். "இவளைப் பிடியுங்கோ! பொம்பிளைப் பிள்ளை, செத்தவீட்டில நிண்டு ஆடுற ஆட்டம்!" என்றார் மாமா. ஒரு அன்ரி என் கையைப் பிடிக்க வந்தார். உதறிவிட்டேன். இரண்டு குடும்பங்கள் எழும்பி வெளியே போயின. போங்கோ, காற்றாவது வரும்.

ஐயர்தான் செம்பைக் கீழே வைத்தார். "புருசன் நிக்கிறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார், மாமாவைப் பார்த்து. "கன்னிப்பிள்ளை எண்டெல்லோ சொன்னனீங்கள்? என்னைக்கொண்டு என்ன வேலை செய்விக்கிறியள்? அவரைக் கூப்பிடுங்கோ. குங்குமம் வைக்கட்டும்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நான் போய் அத்தானின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். குங்குமத் தட்டோடு திரும்பியபோது அம்மா எழும்பி நின்றார். என் கையிலிருந்து தட்டை வாங்கினார். அத்தானுக்கு எங்கே, எப்படி வைப்பது என்று தெரியவில்லை. அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். விரலைக் குங்குமத்தில் தோய்த்து, அக்காவின் வகிட்டுக்குக் கொண்டுபோனார்.

"இதில வையுங்கோ தம்பி" என்றார்.

அத்தான் வைத்தார். சிவப்புச் சிந்தி அக்காவின் மூக்கில் கொஞ்சம் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அம்மா என்ன சொன்னார் என்று மெல்லக் கேட்டார். உங்களைத் தம்பி என்று கூப்பிடுகிறார் என்றேன்.

மண்டபம் முழுக்க விம்மல். எனக்குப் பின்னால் யாரோ, "தாய் மனசைப் பாத்தியளே, தங்கம்" என்று மூக்கைச் சிந்தினார்கள். தங்கமாம்! ஒவ்வொரு தீபாவளிக்கும், பிள்ளை பிறந்த அன்றும், அக்கா தொலைபேசியில் அம்மாவிடம் கெஞ்சுவாள். வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், ஒரே ஒரு தரம் அவரைத் தம்பி எண்டு கூப்பிடுங்கோ அம்மா, நான் கேக்கவேணும் என்று அழுவாள். அம்மா தொலைபேசியை வைத்துவிடுவார்.

இப்போது கூப்பிட்டுவிட்டார். கேட்க ஆசைப்பட்டவள் பெட்டிக்குள் கிடந்தாள்.